வடிக்க வேண்டாம் என்று சொன்னவர்

நாகையா அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது. பாதி எரிச்சல் எங்கள் அடுக்குமாடிக் கொண்டோவின் கமிட்டி மேல், மீதி என் மேல்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் கொண்டோவின் நீச்சல் குளத்தைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. மேருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஏழு மணிக்கெல்லாம் குளத்தோரம் நிற்பார். ஆழமான பக்கத்தில் ஒரு பத்து சென் காசைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பார். காசு பளிச்சென்று தெரியாவிட்டால் அன்றைக்கு ஒருவரையும் இறங்க விடமாட்டார். முன்பு ஐந்து கொண்டோக்களில் அவருக்கு வேலை இருந்தது. ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டதில் எங்கள் குளம் மட்டும் மிஞ்சியது. இதுவும் போனால் இந்த வயதில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று என்னிடமே ஒருமுறை சொன்னார்.

இந்த வருடத் தைப்பூசத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பத்துமலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி வந்த பிள்ளைகள் அப்படியே குளத்தில் குதித்துவிட்டார்கள். பதினைந்து மொட்டையாவது இருக்கும். முதலில் குதித்தவன் என் மகன் ரிஷி. விடுமுறை என்பதால் அண்ணனும் வரவில்லை, பம்பும் ஓடவில்லை. மறுநாள் அந்தச் சின்னக் குளம் மோர்க்குழம்பு நிறத்தில் கிடந்தது.

கமிட்டித் தலைவர் ரேமண்ட் அங்கிள் அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார். போர்ட் கிள்ளான் கப்பல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது என்ற நினைப்பு அவருக்கு. மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்றார். நாகையா அண்ணன் கதவோரம் நின்றபடியே மறுத்தார்.

"இது வெறும் சந்தனம்தான் அங்கிள். மருந்து போட்டா கசடு அடியில உக்காந்துரும், உறிஞ்சி எடுத்துரலாம். நாலு நாள் கொடுங்க. இந்த வெயில்ல குளத்த காய விட்டா டைல்ஸ் கெளம்பிரும். தண்ணி கட் வேற வருதுன்னு சொல்றாங்க."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளி ஆசிரியை என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர் வேலை என்னிடம்தான். சந்தனம் என்று எழுதினால் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி வரும். அதனால், 'குளத்தை வடிப்பதென அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று மட்டும் எழுதினேன். வெட்கம் கெட்ட வேலைதான்.

இரண்டு நாளில் குளம் வடிந்தது. மூன்றாம் நாள் நிரப்பக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வட்டாரம் முழுக்க ஐந்து நாளுக்குத் தண்ணீர் இல்லை. அண்ணன் பழைய லோரி கான்வாஸ்களை எங்கிருந்தோ கொண்டுவந்து தரையைப் போர்த்தினார். பாதிக் குளத்துக்குத்தான் போதுமாக இருந்தது. மறு பாதியில் மத்தியான வெயிலில் டைல்ஸ் ஒவ்வொன்றாக வெடித்துக் கிளம்பும் சத்தம் எங்கள் ஏழாவது மாடிவரை கேட்டது. கீழே அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உடைந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் தொடங்கியதுமே வழக்கம்போல் போன கூட்டக் குறிப்பை எல்லோரும் கை தூக்கி உறுதிப்படுத்தினோம். நானும் தூக்கினேன். பிறகுதான் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். குளத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை, மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்றார் ரேமண்ட் அங்கிள். அண்ணன் சண்டை போடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வேணாம்னு நான் சொன்னேன்ல. அது அதுல இருக்கா?"

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தேன். அவர் தெளிவாகச் சொன்னார், எழுதாமல் விட்டது நான், முதலில் குதித்தவன் என் பிள்ளை, எல்லாவற்றையும் கொட்டினேன். ரேமண்ட் அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உறுதிப்படுத்திய குறிப்பை மாற்ற விதி இல்லை என்றார். அடுத்த விஷயம் கார் நிறுத்துமிடம் என்றார்.

மாதக் கடைசியில் டைல்ஸ் ஒட்டி முடித்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அன்று அண்ணனுக்குக் கடைசி நாள். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கிப் போனேன். அவர் குழாயைப் பாதி மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"மெதுவாத்தான் ஏத்தணும் டீச்சர். முதல் ஒரு வாரம் யாரையும் எறக்க வேணாம். புதுசா வர்றவன்கிட்ட சொல்லிருங்க." கையைத் துண்டில் துடைத்தார். "இதையாவது எழுதி வெச்சுக்கங்க."