மணி அடிக்காத ஒரு காலை

1. வேலையில் சேர்ந்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்னை இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு, கிறிஸ்தவ சபையைக் கவனிக்கும் உபதேசியாராக அனுப்பினார்கள். அதற்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஆரியங்காவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். தென்காசியில் ஓர் அரிசி மில்லிலும் இருந்தேன். படிப்பு நான்காம் வகுப்பு. வேதபாடப் பரீட்சையில் இரண்டாவது தடவைதான் தேறினேன்.

தென்காசியில் இருந்த குருவானவர் ஒரு ஜெபப் புத்தகம், ஒரு டைரி, ஓர் அலாரம் கடிகாரம் கொடுத்தார்.

“காலையில அஞ்சுக்கு மணி அடிக்கணும். ஒருத்தரும் வரலன்னாலும் ஜெபத்தை நடத்தணும்.”

“ஒருத்தரும் வரலன்னா யாருக்கு நடத்த, ஐயா?”

“அந்தக் கேள்வியையும் டைரியில எழுதி வையும்” என்றார்.

சபையில் பன்னிரண்டு வீடு. முதல் வாரம் காலை ஜெபத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நடவு தொடங்கியதும் யாரும் வரவில்லை. நான் மணி அடித்து, காலி பாய்களுக்கு முன்னால் சத்தமாக ஜெபித்துவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்தப் போவேன். அது பழகிவிட்டது.

2. காலரா

மூன்றாம் வருடம் வைகாசியில் காலரா வந்தது. குருவானவர் காய்ச்சலில் கிடந்தார். பதினொரு நாளில் ஏழு பேரை நானே அடக்கம் செய்தேன். குழி தோண்ட ஆள் கிடைக்காதபோது தோண்டவும் செய்தேன். ஏழு பேருக்காகவும் ஜெபித்திருந்தேன். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பார்த்து வாசித்துச் சமாளித்தேன். கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காலையில் மணி மட்டும் அடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சோறும் சரியாக இறங்கவில்லை. இரண்டு மாதம் இப்படிப் போனது.

ஆடியில் ஒரு நாள், வராத ஜெபத்துக்கு மணி எதற்கு என்று தோன்றியது. அன்று அடிக்கவில்லை. துணிகளைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். மத்தியான ரயிலில் தோட்டத்துக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

3. மண்வெட்டி

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வருடம் குற்றாலத்து மலையில் மேகம் மூடியதே தவிர, சாரல் விழவில்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, முறை வைத்துப் பாய்ச்சினார்கள். இரவெல்லாம் மேலக்கால் வயலுக்கு. விடிய ஐந்து மணியிலிருந்து கீழக்காலுக்கு. மேகத்தில் விடிவெள்ளி தெரியாது. ஊரில் வேறு கடிகாரமும் கிடையாது. மடைக்காரன் மாடசாமி என் மணியைக் கேட்டுத்தான் மடையை மாற்றிவந்தான்.

அன்று மணிக்காகக் காத்திருந்து, பொழுது ஏறிய பிறகுதான் மாற்றினான். அன்று விடியற்காலை முறை கீழக்கால் பண்ணையாரின் நாற்றுக்கு; அந்த நேரம் போனால் அவருக்கு அடுத்த முறை எட்டு நாள் கழித்துத்தான்.

பண்ணையார் அவனை எங்கள் ஜெபக் கோயில் வாசலுக்கு இழுத்துவந்தார். அவன் மண்வெட்டி பண்ணையார் கையில் இருந்தது. மடைக்காரனிடம் மண்வெட்டியைப் பிடுங்கினால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

“ஓய் உபதேசியாரே, இன்னைக்கு மணி அடிச்சீரா இல்லையா? அடிக்கலைங்கான் இவன். மேலக்கால்காரன்கிட்ட காசுக்குக் கைநீட்டிட்டுப் பொய் சொல்லுதான்னு நான் சொல்லுதேன்.”

எங்கள் சபை மூப்பர் முந்திக்கொண்டார். “எங்க உபதேசியாரு ஒரு நாளும் விட்டதில்ல. அடிச்சிருப்பாரு.”

நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். ரயிலுக்கு நேரமும் இருந்தது. மாடசாமி என்னைப் பார்க்கவில்லை, மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடிக்கல” என்றேன்.

“ஏன், காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல. எனக்கு ஜெபம் வரல. ரெண்டு மாசமா வரல. அதான் அடிக்கல.”

மூப்பர் தலையில் கை வைத்தார். பண்ணையார் மணியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஜெபம் வரலன்னா மணி என்னவே செய்யும்? அது பாட்டுக்கு அடிக்க வேண்டியதுதான?”

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பண்ணையார் மண்வெட்டியை மாடசாமி முன்னால் போட்டுவிட்டுப் போனார்.

4. கஞ்சி

எல்லாரும் போன பிறகும் மாடசாமி போகவில்லை.

“நீரு உள்ள என்ன சொல்லுதீருன்னு எனக்குத் தெரியாது, ஓய். நான் சாமி கும்புடுதவன். ஆனா மணி நின்னதும் உம்ம சத்தம் மடை வரைக்கும் கேக்கும். ரெண்டு மாசமா கேக்கல. வந்து கேக்கணும்னு இருந்தேன். சோலி விடல.”

“கேட்டு என்ன செஞ்சிருப்பீரு?”

“என்ன செய்ய? கஞ்சி கொண்டாந்திருப்பேன். உம்ம மூஞ்சி எழவு வீடு மாதிரில்லா இருக்கு. தின்னு எத்தன நாளாச்சு?”

கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தான். குடித்துவிட்டு அடுத்த நாள் அலாரம் அடிக்கும்வரை தூங்கினேன். ரயில் போய்விட்டது.

ஐந்துக்கு எழுந்து மணி அடித்தேன். உள்ளே முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை. நான் அடக்கம் செய்த ஏழு பேரின் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். எட்டாவதாக மாடசாமி பெயரைச் சொன்னேன். ஆமென் சொல்லி எழுந்தேன். வெகு நாள் அவ்வளவுதான் என் ஜெபம். மற்ற வார்த்தைகள் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சோர்வைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். பிறகு, ஜெபம் வரவில்லை என்றால் வரவில்லை என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொன்ன அன்று நாலு பேர் சிரித்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.