சக்கரவர்த்திக்கு வைத்த மூக்கு

கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த சக்கரவர்த்தி, பளிங்குச் சிலையாக வந்து இறங்கியபோது மூக்கில்லாமல்தான் இறங்கினார். கப்பலில் பெட்டி உருண்டுவிட்டதாம். திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது. உள்ளூர்க் கல்தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் சக்கரவர்த்தியை எங்கே கண்டார்? வீட்டுக் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தார். அதையே செதுக்கி ஒட்டிவிட்டார். இந்த மூக்கில் அல்லவா ராஜகளை இருக்கிறது என்று கவர்னர் மெச்சினார். அதிகாரிகள் தொப்பியைக் கழற்றி அந்த மூக்குக்கு வணக்கம் வைத்தார்கள்.

கல்தச்சர் கல்தூசியிலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அவரை யாரும் படம் எடுத்ததில்லை. மகனுக்குத் தொழில் அப்பாவுடையது. மூக்கு மட்டும் தாய்மாமனுடையது, சப்பை. ஆகவே கல்தச்சரின் மனைவி அந்தி சாய்ந்தால் சதுக்கத்துக்குப் போய்ச் சிலையில் இருந்த அவர் மூக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். தெருவில் அவளுக்கு ‘மகாராணி’ என்று பட்டப்பெயர்.

பிறகு விடுதலை வந்தது. சிலையை உடைக்க மகனையே அழைத்தார்கள்.

“மூக்கை மட்டும் முழுசா கொண்டாந்துடுடா,” என்றாள் அம்மா. “மீதியை என்ன வேணா பண்ணிக்கங்க.”

ஏணியில் ஏறி, ஒட்டுப்போட்ட இடத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டினான். கீழே ஊரே திரண்டிருந்தது.

“என்னப்பா, தாலாட்டுறியா? அவரு என்ன உன் மாமனாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு குரல், சிரிக்காமல்: “இவங்கப்பன்தானே அவனுக்கு மூக்கு வெச்சுக் கொடுத்தவன்!”

கூட்டம் அடங்கியது. உளியைப் போட்டுவிட்டுச் சம்மட்டியை ஓங்கினான். மூக்கின் மேல் ஒரே அடி. வாழ்நாளில் அவன் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை.

சிலை சாய்ந்து, கூட்டம் கலைந்தபின் குப்பையைக் கிளறினான். சில்லுகளை ஆளாளுக்கு ஞாபகார்த்தமாக அள்ளிப் போயிருந்தார்கள். கிடைத்த ஒன்றைத் தோள்துண்டில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தான்.

அம்மா தடவிப் பார்த்தாள். “இது காதுடா.”

“அதாம்மா கெடைச்சுது.”

“நாம சொன்னதை எந்தக் காலத்துல கேட்டுச்சு இந்தக் காது? இதை வெச்சு நான் என்ன பண்ண?” சில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “மூக்கை யாருடா ஒடைச்சது?”

“கூட்டத்துல யாரோ.”

அவன் சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. தட்டிவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளும் அந்தியில் சதுக்கத்துக்குப் போனாள். மொட்டைப் பீடத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். “மகாராணிக்கு ராஜா போன துக்கம் இன்னும் தீரல,” என்று கடைக்காரர் சிரித்தார். அவளை அழைத்துப் போக வந்த மகன், பக்கத்தில் போய் நின்று அதே இடத்தை அண்ணாந்து பார்த்தான்.