சேட்டின் மாமனார் லேத் ஓட்டிய வருடம்

ஓதவ்ஜிபாய் வேகரியாவைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டவராக இருப்பதற்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும். இவர் அற்பர், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக இவருடைய பட்டறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

பட்டறை ராஜ்கோட்டில், கோண்டல் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. தண்ணீர் பம்புகளுக்கான இரும்புத் தண்டுகளை லேத் மிஷினில் கடைந்து கொடுக்கிறோம். முதலாளியான சேட் காலை ஒன்பது மணிக்கு வந்ததும் கடலை மாவில் பொரித்த காட்டியா பொட்டலத்தைப் பிரித்து, கூட எத்தனை பச்சை மிளகாய் வந்திருக்கிறது என்று எண்ணுவார். குறைந்தால் கடைக்கு ஆள் போகும். மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். நாலு மணிக்குத்தான் மறுபடியும் திறப்பார். இந்த ஒன்றுக்கு மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரே அந்த நேரத்தில் தூங்குகிறது. நானும் தூங்குவேன்.

போன வருடம் அவருக்கு ஒரு நெருக்கடி வந்தது. எங்களிடம் தண்டு வாங்கும் பூனா கம்பெனி, வேலையாட்களுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று கடிதம் போட்டுவிட்டது. எங்களிடம் பழைய ஆட்கள் பதினோரு பேர். சம்பளம் கூடக் கூட இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டவர்கள். எந்த நோய் வந்தாலும் கைக்காசுதான். அதைப் பற்றி சேட் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆர்டர் போய்விடுமே என்றதும் அவருக்கு வேலையாட்களின் உடம்பு மேல் அக்கறை பொங்கிவிட்டது.

காப்பீட்டு ஏஜெண்டு பர்வீன்பென் வந்தார். மூக்குக் கண்ணாடியும் தடித்த பையுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விளக்கினார். சேட் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அதில்தான் ஐந்து லட்சம் என்று பெரிதாகப் போட்டிருந்தது.

"அஞ்சு லட்சம் சரி. இதே அஞ்சு லட்சம், வெல மட்டும் கொறையணும்னா எதை எடுக்கணும்?"

"ஆளுங்களோட அம்மா அப்பாவ எடுத்தா கொறையும் ஓதவ்ஜிபாய். ஆனா வயசானவங்களுக்குத்தானே ஆஸ்பத்திரிச் செலவே வரும்?"

"எடுங்க. அவனுங்க அப்பனா எங்கிட்ட வேலை பாக்குறான்?"

"ரூம் வாடகைக்கு ஒரு வரம்பு போட்டா இன்னும் கொறையும். ஆனா அதுக்கு மேல வாடகை உள்ள ரூம்ல படுத்தா, மொத்த பில்லுலயும் அதே விகிதத்துக்கு வெட்டுவாங்க. ரொம்ப அடி வாங்கும்."

"போடுங்க போடுங்க. இரும்பு கடையிறவனுக்கு ஏசி ரூம் எதுக்கு?"

காய்கறி வண்டியில் பேரம் பேசுகிற மாதிரியேதான் பேசினார். பேரம் முடிந்ததும் வழக்கப்படி கொசுறு கேட்டார்.

"சரி, கொசுறா ஒரு மூணு பேரச் சேத்துக்குங்க. எங்க மாமனார், மச்சான், மச்சான் பொண்டாட்டி."

பர்வீன்பென் சிரித்தார், பாவம். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். சேட் சிரிக்காததைப் பார்த்துப் பேனாவை மூடினார்.

"அவங்க உங்க சம்பளப் பட்டியல்ல இருக்காங்களா?"

"எழுதறதுக்குத்தான் ரசீலாபென் இருக்காங்களே" என்று என்னைக் கைகாட்டினார்.

"வேண்டாம் பாய். வேலை பாக்காத ஆளச் சேத்தீங்கன்னா என்னைக்காவது தோண்டுவாங்க. அன்னைக்கு நெசமா வேலை பாக்குற ஆளும் சேந்து மாட்டிக்குவான். நான் இதச் செய்ய மாட்டேன்."

அவர் போன பிறகு சேட் என்னைப் பார்த்து, "பொம்பளைக்கு வியாபாரம் தெரியல, பென்" என்றார். பென் என்றால் சகோதரி என்று அர்த்தம், ஆனாலும் நானும் பொம்பளைதான் என்பது பத்தொன்பது வருடத்தில் அவருக்கு உறைத்ததே இல்லை.

மறுநாள் இன்னொரு ஏஜெண்டு வந்தான். கறுப்புக் கண்ணாடியை உள்ளே வந்தும் கழற்றாதவன். "நீங்க குடுக்குற பேர நான் ஏத்துறேன் சேட், அதுக்கு மேல கேக்குறது என் வேலை இல்ல" என்றான். பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினோரு குடும்பத்தின் உயிருக்கான காகிதத்தைத் தேர்ந்தெடுக்க, மிளகாய் எண்ணுகிற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகச் செலவிட்டார்.

பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். பன்னிரண்டாவது பெயர்: பாவன்ஜிபாய், வயது அறுபத்தெட்டு, லேத் ஆபரேட்டர். சேட்டின் மாமனார் ஒரே ஒரு தரம் பட்டறைக்கு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சத்தத்துல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர். அவரை லேத்தில் நிறுத்தினேன். மச்சானை மேற்பார்வையாளர் ஆக்கினேன். மச்சான் மனைவியைத் தரப் பரிசோதகர் ஆக்கினேன். சொன்னதை அடிப்பதுதானே என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் லேத் ஆபரேட்டர் பாவன்ஜிபாய் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டார். பணம் வந்துவிட்டது. சேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. சாதிக்காரர்கள் கல்யாணப் பந்தியில், "போட்ட பணம் ரெண்டே மாசத்துல திரும்பி வந்துடுச்சு, இன்சூரன்ஸ் எடுக்கத் தெரியணும்" என்று உட்கார்ந்து வகுப்பு எடுத்தார். இரண்டு பேர் குறிப்பு எழுதாத குறையாகக் கேட்டார்கள்.

பிறகு லாகாபாயின் மனைவி ஜசுபென்னுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லாகாபாய் எங்கள் இரண்டாம் நம்பர் லேத். நான் சேர்வதற்கு முன்பிருந்தே நிற்கிறவர். இதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்றியாக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மூன்று வாரமாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று குறித்தார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் அனுமதி மட்டும் வரவில்லை. விசாரணையில் இருக்கிறது என்றார்கள். புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் மூன்று லட்சம் கட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறு நோயாளிக்குப் போய்விடும், அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

புதன்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு என் போன் அடித்தது. லாகாபாய்.

"பென், இங்க இன்சூரன்ஸ் மேசையில ஒண்ணு சொல்றாங்க. நம்ம பட்டறையே இல்லையாம்."

"என்னது?"

"விசாரிக்க ஆள் வந்து பாத்தாராம். பூட்டிக் கெடக்காம். வேலை நாள்ல பூட்டியிருக்கு, ஒரு ஆளும் இல்ல, மொதலாளி போன் அணைஞ்சிருக்குன்னு சொல்லிட்டாராம். அப்ப நான் எங்க பென் வேலை பாக்குறேன்?"

 காப்பீட்டுக் கம்பெனி பூனாவிலிருந்து அனுப்பிய மனிதர் சரியாக ஒன்றே முக்காலுக்கு எங்கள் ஷட்டர் முன்னால் போய் நின்றிருக்கிறார். ராஜ்கோட்டில் அந்த நேரத்தில் ஷட்டர் முன்னால் வெளியூர்க்காரன் மட்டும்தான் நிற்பான்.

லாகாபாய் வாங்கிக் கொடுத்த எண்ணில் அந்த மனிதரிடம் பேசினேன். கர்மார்கர் என்று பெயர். ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், நாங்க மூடிட்டுப் போகல. தூங்குறோம்."

"தூங்குறீங்களா? மொத்தப் பட்டறையுமா?"

"மொத்த ஊருமே சார். வேணா இறங்கி எந்தக் கடையையாவது தட்டிப் பாருங்க."

ஆட்டோவை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு திரும்பி வருவதாகச் சொன்னார். நான் சேட் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் பாபி, அதாவது அண்ணி, வாசற்கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்குறாரு. நாலு மணிக்கு வாங்க."

"பாபி, லாகாபாய் சம்சாரம் உயிரு போற விஷயம்."

"எழுப்பினா அவருக்குத் தலைவலி வந்துடும், பென்."

நான் அந்தப் பாதிக் கதவுக்குள் உடம்பை நுழைத்து, கூடத்தில் நின்று கத்தினேன். சேட் பனியனோடு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் லாகாபாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா பேரப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?" என்றார்.

மூன்று மணிக்கு ஷட்டர் திறந்தது. போன் பண்ணியதில் வேலையாட்களும் தூக்கக் கலக்கத்தோடு வந்து சேர்ந்தார்கள். கர்மார்கர் மெலிந்த, சலிக்காத மனிதர். வருகைப் பதிவேட்டை வாங்கினார், எங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்தார், ஆட்களை எண்ணினார்.

"ஆஸ்பத்திரியில இருக்குற லாகாபாயோட சேத்து பதினொண்ணு வருது. பட்டியல்ல பதினாலு. கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பாவன்ஜிபாய் எங்க?"

"லீவு" என்றார் சேட்.

"எத்தனை நாளா?"

"அவர் அப்பப்ப எடுப்பாரு."

"பதிவேட்டுல அவர் பேரே இல்லையே. வேலைக்கு வந்த நாள் ஒண்ணாவது காட்டுங்க, நான் லீவ ஒத்துக்கறேன்."

பின்னால் நின்ற ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சேட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பென், யோசிச்சுப் பாருங்க. லாகா போட்ட விண்ணப்பத்தாலதான் இந்த ஆளு வந்தான். அத வாபஸ் வாங்கிட்டா ஃபைல மூடிட்டுப் போயிடுவான். நீங்க சொன்னா லாகா கேப்பான். ஒரு மாசம்தானே? அப்புறம் தர்ம ஆஸ்பத்திரியில நானே பேசிப் பாக்குறேன்."

"அந்தம்மா உக்காந்துகிட்டே தூங்குது சேட்."

"மூணு வாரம் உக்காந்தவங்க இன்னும் நாலு வாரம் உக்கார மாட்டாங்களா? மாமா பேரு கெட்டுப்போனா எங்க வீட்டுல நான் எப்படி முழிப்பேன், சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கொடூரம் எதுவும் இல்லை. மிளகாய் குறைந்த அன்று இருக்கிற அதே முகம்தான் இருந்தது.  இந்த ஆளுக்குப் போய் இத்தனை வருடம் எழுந்து நின்றிருக்கிறேனே என்று என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

வெளியே வந்து கர்மார்கரிடம் சொன்னேன். "சார், கடைசி மூணு பேரும் இங்க வேலை பாக்கல. சேட்டோட சொந்தக்காரங்க. தெரிஞ்சேதான் நான் டைப் அடிச்சேன். லாகாபாய் அசல் ஆளு. நான் சேர்றதுக்கு முந்தியிலேருந்தே இங்கதான் நிக்கிறாரு. வேணும்னா அந்த ரெண்டாம் நம்பர் மிஷின் கைப்பிடிய வந்து பாருங்க, தேஞ்சு அவர் கை அளவுக்கே ஆயிடுச்சு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சேட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனுமதி ஐந்து நாற்பதுக்கு வந்தது. மறுநாள் வால்வு மாற்றினார்கள்.

மூன்று பெயரையும் நீக்கினார்கள். கண்ணுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மாமனார் மகள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். சேட் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் இவருக்கு நெஞ்சு இல்லை. ஜி.எஸ்.டி. வேலையை வேறு யார் பார்ப்பது? பேச்சை மட்டும் நிறுத்தினார். எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு, வாசலில் நிற்கிறவன் மூலமாகச் செய்தி வந்தது.

ஜசுபென் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து லாகாபாய் வேலைக்கு வந்தார். கையில் பேடா பெட்டி. உள்ளே வந்ததும் நேராகப் போய் சேட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"சேட், நீங்க அந்த இன்சூரன்ஸ் எடுக்கலன்னா என் ஜசு இன்னைக்கு இல்ல."

சேட் கூசவில்லை. கையைத் தூக்கி லாகாபாய் தலையில் வைத்தார். "நான் இருக்கும்போது என்னடா கவல? ஆளுங்கள பாத்துக்கறதுதானே மொதலாளி கடமை" என்றார். சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது. பாவி, அதை நிஜமாகவே நம்பினார்.

பட்டறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாகாபாய்க்கு ஒன்றும் தெரியாது, அவர் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்தபடியாகப் பெட்டியை என் முன்னால் நீட்டினார். "எடுத்துக்குங்க பென். சேட் நல்லாயிருக்கணும்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். நான் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.