என் பழைய நம்பரில் வேறொருவர்

மலேசியாவில், இந்த ஈப்போ ஊரில் எல்லோருக்கும் நான் அக்காதான். ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடுபவர், மீன்கடைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த கார்ப் பட்டறை முதலாளி, யாராயிருந்தாலும் "அக்கா, என்னா வேணும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சிரிப்பாக வரும். இருபத்தாறு வயதில் ஊருக்கே அக்காவா! இப்போது சிரிப்பு வருவதில்லை. நான் அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

என் கூடப்பிறந்த செண்பகம் அக்கா ஊரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். போனில் அவளுக்குப் பேச வராது. "சாப்ட்டியா, புள்ளைங்க சாப்ட்டுச்சா" என்பதோடு சரி. மனசில் உள்ளதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பும் மெயிலில்தான் வரும். அதற்கென்றே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் புரோகிராம் போட்டு வைத்திருந்தேன். கடைசி மெயில் வந்த அன்று நான் தீபாவளிப் பலகார வேலையில் கிடந்தேன். தலைப்பை மட்டும் பார்த்தேன்: "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." ஆற அமரப் படிக்கலாம் என்று எழுந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. மாரடைப்பு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் காரியத்துக்குக்கூட நான் போகவில்லை.

அதன்பின் கம்ப்யூட்டர் பக்கமே போக மனமில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தால், பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இத்தனை வருடமும் புரோகிராமே அதை நினைவில் வைத்திருந்தது. நான் மறந்தே போயிருந்தேன். அக்காவின் கணக்கில் போய்ப் பார்க்கலாம் என்றால், அவள் பாஸ்வேர்டும் அவளோடு போய்விட்டது. "அம்மா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல சித்தி" என்றான் அவள் மகன்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தேவன் அண்ணன் கடைக்குப் போனேன். சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, ஈப்போவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போலப் பேச்சின் கடைசியில் "லா" போடுவார்.

"தலைப்புதான் இங்க எறங்கியிருக்குக்கா. உள்ள உள்ளது அவங்க சர்வர்ல இருக்கு. பாஸ்வேர்ட் மாத்துனாதான் தெறக்கும் லா. போனுக்கு கோட் அனுப்புவாங்க. இந்த நம்பர் யாருது?"

திரையில் என் பழைய இந்திய நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள். நாடு மாறியதும் விலாசத்தை எங்கெங்கோ மாற்றினேன், இதை மட்டும் மாற்றவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் எதற்கு என்று விட்டும்விட்டேன். புத்திசாலித்தனம்!

"அலாமா! வேற யாருக்காச்சும் குடுத்துருப்பாங்களே. கேட்டுப் பாருங்க" என்றபடி கோட் அனுப்பும் பட்டனைத் தட்டினார்.

கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் "தஞ்சாவூர், தஞ்சாவூர்" என்று கண்டக்டர் கத்துவது கேட்டது. எங்கள் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் கேட்கும் அதே சத்தம்.

"அம்மா, இது முன்னாடி என் நம்பரு. இப்ப உங்களுக்கு ஒரு கோட் வந்துருக்கும்..."

"ஓடிபியா? வெளிநாட்டு நம்பர்லேர்ந்து ஓடிபி கேக்குறியா?"

"நானும் மன்னார்குடிதாங்க, தேரடிப் பக்கம். செத்துப்போன எங்க அக்கா எழுதுன மெயில் லா..."

"மன்னார்குடிக்காரி இப்புடியா பேசுவா? ஏமாத்த வர்றவ ஒழுங்காக் கத்துக்கிட்டு வா."

துண்டித்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், போகவில்லை. என் நம்பரைத் தடை செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தேவன் அண்ணன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அக்கா இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தலைப்பின் கீழேயே "சரிக்கா" என்று பதில் தட்டி அனுப்பினேன். அதற்கும் பாஸ்வேர்ட் கேட்டது. ஊருக்கும் போகாமல், என்னிடமும் திரும்பாமல், அது இன்னும் அவுட்பாக்ஸில் கிடக்கிறது.