ரேடியேட்டரில் ஊற்றிய பச்சைத் தண்ணீர்

கீழக்குயில்குடி கண்ணுச்சாமிக்கு ஒரு பெருமை இருந்தது. இருபத்தாறு வருட ஓட்டத்தில், ஆள் ஏற்றிய வண்டி ஒருநாளும் வழியில் படுத்ததில்லை. சபரிமலையோ, திருப்பதியோ, காசியோ, கிளம்பின வண்டி அதே இஞ்சின் சத்தத்தோடு திருப்பரங்குன்றம் வேன் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடும். அவருடைய தகப்பனார் அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தவர். கூலியைக் கையில் வாங்க உரிமையில்லாமல் துண்டை விரித்து வாங்கியவர். மகன் அதே வயல்காரர் வீட்டு டிராக்டரில் ஓட்டப் பழகி, தெருவிலேயே முதல் ஆளாக ஹெவி லைசென்ஸ் எடுத்தார். "சாமி அண்ணே வண்டின்னா கண்ண மூடிட்டு ஏறலாம்" என்று ஸ்டாண்டில் பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

அந்தப் பெண் முருகம்மாள். அதே ஊர்க்காரி, நாற்பது வயதுக்குள். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவளை, டூர் வண்டிக்குச் சமையலாளாகச் சேர்த்துவிட்டவரே கண்ணுச்சாமிதான். வடநாட்டு டூர் என்றால் அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் வண்டியிலேயே ஏறும். போகிற இடத்தில் இறக்கி, பொங்கி, போட வேண்டும். அதுவரை அந்த வேலையை ஆண்கள்தான் செய்தார்கள். மூன்றே டூரில் முருகம்மாளின் புளிக்குழம்புக்குப் பெயர் வந்துவிட்டது.

போன வருடம் தை மாதம் பசுமலையிலிருந்து பதினான்கு பேர் கிளம்பினார்கள். ஏற்பாடு செய்தவர் தமிழ்மாறன், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். ஒரு வருடத்துக்கு ஐந்தாறு டூர் அவர் கையால்தான் நடக்கும். யார் வண்டி, யார் சமையல் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. முதலில் மணாலிக்கு மேலே பனியில் சறுக்கி விளையாடும் இடத்தைப் பார்ப்பது, அப்புறம் தை அமாவாசைக்குக் காசியில் முழுக்கு. இதுதான் திட்டம்.

நாக்பூரைத் தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு, இஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. கண்ணுச்சாமி அரைமணி நேரத்தில் வேறு ஹோஸ் மாட்டி, பெட்ரோல் பங்க் குழாயிலிருந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி வண்டியை எடுத்துவிட்டார். கூலன்ட் வாங்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. மதுரை வெயிலில் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை ஊற்றித்தானே ஓட்டினோம் என்று இன்னொரு நினைப்பு வந்து அதை அமுக்கிவிட்டது. தண்ணீர் கொதிக்கும் என்றுதான் எங்கள் பக்கத்து டிரைவருக்குப் பயம். உறையும் என்று பயப்பட அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

மலையேறும்போது சக்கரத்துக்குச் சங்கிலி வாடகைக்கு வாங்கிக் கட்டினார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. முன்னால் போகிற வண்டியின் தடத்திலேயே சக்கரத்தை வைத்து, பிரேக்கைத் தொடாமல், இரண்டாவது கியரிலேயே ஏற்றினார். சறுக்கு மைதானத்துக்குக் கீழே வண்டிகள் நிற்கும் இடம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்கே ஒரு பார்க்கிங்காரர் விசில் ஊதி இடம் காட்டினார். காது மூடிய குல்லாய், முழங்கால் வரை பூட்ஸ். பாஷை தெரியாவிட்டாலும் கையால் எல்லாம் சொன்னார். வண்டியின் மூக்கு கீழ்ப்பக்கம் பார்க்க நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடாதே, ராத்திரியில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வை. வைப்பரைத் தூக்கி நிறுத்து. கண்ணுச்சாமி ஒவ்வொன்றையும் செய்தார். கடைசியில் அந்த ஆள் பானட்டைத் தட்டி, "கூலன்ட்?" என்றார். அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தண்ணீர் என்றால் இறக்கிவிட வேண்டும் என்று கீழே ஒரு திருகாணியைத் திறப்பதுபோல விரலைத் திருகிக் காட்டினார்.

கண்ணுச்சாமிக்குப் புரிந்தது. இருபத்தாறு வருட டிரைவர், வண்டி நிறுத்துகிற ஆளிடம் போய், வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினார். கூலன்ட்தான் என்று.

மத்தியானமே பனி கொட்டத் தொடங்கியது. போலீஸ் கீழே இறங்கும் ரோட்டை மூடிவிட்டது. எல்லோரும் பக்கத்து லாட்ஜில் தங்கினார்கள்.

காலையில் வண்டி சுண்ணாம்பு அடித்த சமாதி மாதிரி நின்றது. பானட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைத் தட்டித் திருகினார். வாய் வரைக்கும் பனிக்கட்டி. வெயில் ஏறி அது இளகியபோது, ரேடியேட்டரின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்புத் தெரிந்தது. இஞ்சின் பக்கவாட்டில் இருந்த தகட்டு மூடி ஒன்று பிதுங்கி வெளியே வந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் நூலாக இறங்கியது. பார்க்கிங்காரர் வந்து குனிந்து பார்த்தார். அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தார். கண்ணுச்சாமியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தமிழ்மாறன் மங்கி குல்லாயும் சால்வையுமாக வந்தார். பின்னாலேயே மற்றவர்களும்.

"என்னப்பா கண்ணுச்சாமி, அமாவாசைக்குள்ள காசி போயிருவோம்ல?"

"மூணு நாளாவது ஆகும் சார். மெக்கானிக் கீழருந்து வரணும்."

"மூணு நாளா! அப்ப அமாவாசை போச்சேப்பா. என்னதான் ஆச்சு?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். தண்ணி ஊத்துனது என் தப்பு சார். ஐந்து வார்த்தை. அதற்குப் பதிலாகக் கண்ணுச்சாமி சொன்னது இது:

"நான் நல்லாத்தான் சார் நிறுத்துனேன். நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சு எடுத்த வண்டி. இருபத்தாறு வருசத்துல இப்படி ஆனதில்ல. வண்டியில என்னமோ தீட்டுப் பட்டுருச்சு போல."

யாரையும் நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. சும்மா காற்றில் எறிந்தார். ஆனால் தீட்டு என்ற சொல் நம் நாட்டில் காற்றோடு போவதில்லை. அது நேராக ஒரு பெண்ணைத் தேடிப் போகும். போயிற்று. கூட வந்த ஜகதாம்பாள் பெண்களைத் தனியே கூட்டி, ஒவ்வொருத்தியையும் விசாரித்தாள். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியாக, அடுப்புக்கு முன்னால் இருந்த முருகம்மாள்.

"ஏம்மா, உனக்கு எப்போ?"

"நேத்திலருந்து."

"நேத்திலருந்தா! அதோடயா எங்களுக்குச் சமைச்சுப் போட்டே? வண்டியிலயும் ஏறினே?"

"பெறகு நடந்தா வரமுடியும்? வீட்டுக்கு விலக்கானதுக்கும் இஞ்சினுக்கும் என்னம்மா சம்பந்தம்? இஞ்சின் என்ன எம் புருசனா?"

இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்கள். தமிழ்மாறன் சிரிக்கவில்லை. "வாய் வேற" என்றார். முப்பத்திரண்டு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவர். தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும், அதனால்தான் குளிர் தேசத்தில் குழாய்கள் வெடிக்கின்றன என்று கரும்பலகையில் குழாய்ப் படம் போட்டவர். குளிர் தேசத்தில், வெடித்த ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர் ஒரு பெண்ணின் உடம்பில் காரணத்தைத் தேடினார். அவருக்குத் தமிழ்மாறன் என்று பெயர் வைத்த தகப்பன் மேடையேறிப் பகுத்தறிவு பேசியவராம். பெயரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், புத்தியை யார் கொடுப்பது?

அன்றிலிருந்து முருகம்மாள் அடுப்பைத் தொடக்கூடாது, லாட்ஜுக்குள் வரக்கூடாது என்று ஆயிற்று. இராத்திரிக்கு விறகுக் கொட்டகை, பகலுக்கு வெட்டவெளி. பார்க்கிங்காரர்தான் தன் தகரக் கொட்டகையில் கரித்தணலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த ஆளுக்கு இவள் என்ன சாதி, என்ன மாதம், ஒன்றும் தெரியாது. குளிர்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கண்ணுச்சாமி டீ வாங்கிக்கொண்டு போனார். அவள் கால்விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே அவுககிட்ட. நீங்க சொன்னாக் கேப்பாக."

"சொல்றேன்த்தா."

"என்னைய டெல்லியில ரயிலேத்தி விடப் போறாகளாம். இனிமே எந்த டூருக்கும் கூப்புட மாட்டாகளாம். இதவிட்டா எனக்கு என்னண்ணே இருக்கு? எம் மக இந்த வருசந்தான் நர்சிங் சேந்திருக்கா."

"சொல்றேன்."

இரண்டாம் நாளும் டீ கொண்டுபோனார். அவள் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு தணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மெக்கானிக் வேலையை முடித்து, பச்சை நிறக் கூலன்ட் கேன் ஒன்றைக் கையில் கொடுத்தார். கண்ணுச்சாமி ஊற்றிக்கொண்டிருக்கும்போது தமிழ்மாறன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்னப்பா?"

"கூலன்ட் சார். குளிர்ல உறையாது."

"அப்ப முன்னாடி என்ன இருந்துச்சு?"

கேனைக் கீழே வைத்தார். "தண்ணி சார். பச்சத் தண்ணி."

தமிழ்மாறனின் முகத்தில் எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று வந்து போவதைக் கண்ணுச்சாமி பார்த்தார். அவருக்கு மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு வந்தது. இதோ, இந்தப் பெரிய மனிதர் இப்போது திரும்பி, எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், தன்னைத் திட்டுவார், அந்தப் பெண் அடுப்புக்குத் திரும்பிவிடுவாள்.

தமிழ்மாறன் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத இப்ப யாருகிட்டயும் கிளப்பாதப்பா. இம்புட்டு தூரம் வந்தாச்சு. நான் வேற எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். ஊர் போய்ச் சேருவோம் முதல்ல."

"சரி சார்" என்றார் கண்ணுச்சாமி.

அந்தச் "சரி"யைத்தான் அவரால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. முதல் நாள் பொய்யைப் பயத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. அனுமதி கிடைத்தது என்று நிம்மதியாக இருந்ததாம். அவரே சொல்கிறார்.

டெல்லி ஸ்டேஷனில் முருகம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரைக்கும் போனார். ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது.

"முருகம்மா, பச்சத் தண்ணிய ஊத்துனது நாந்தான். அதான் வெடிச்சது. உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு..."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அழவில்லை.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? எந் தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவுக அங்க வேன்ல உக்காந்திருக்காக. போய் அங்க சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். அதை மறுக்க முடியாது. வேனில் ஏறி, சீட்டில் உட்காராமல், பதினான்கு பேரையும் பார்த்து நின்று சொன்னார். நாக்பூர் தண்ணீரைச் சொன்னார், பார்க்கிங்காரர் கேட்டதையும் தான் தலையாட்டியதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் ஜகதாம்பாள், "பாவம், ஊர்க்காரிங்கறதால பழியைத் தம் மேல போட்டுக்கறார். இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு!" என்றாள். "பெரிய மனசு டிரைவரே உங்களுக்கு" என்று இன்னொருவர் தோளைத் தட்டினார்.

"பெரிய மனசெல்லாம் இல்லங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சரி, வண்டிய எடுங்க."

கண்ணுச்சாமி தமிழ்மாறனைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பின பிறகு கதை வண்டியைவிட வேகமாகப் போயிருந்தது. முருகம்மாளை ஒரு டூரும் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள்கூட யோசித்தார்கள். இப்போது அவள் ஒரு கல்லூரி விடுதியில் பாத்திரம் துலக்குகிறாள். சமைக்கிற கை அது. கண்ணுச்சாமி வேன் ஸ்டாண்டில் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்டவர்கள் எல்லாம் அவரை இன்னும் நல்லவராக்கிவிட்டுப் போனார்கள். "வுடுண்ணே, ஊரு புள்ளைய விட்டுக்குடுப்பியா நீயி?" என்றான் ஒருவன். பொய்யை ஒரே வாக்கியத்தில் நம்பியவர்கள், உண்மையை ஒரு வருடமாகச் சொல்லியும் நம்பவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவருக்குக் கோபப்படக்கூட உரிமை இல்லை.

நம்ப வைக்கக்கூடிய வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் கண்ணுச்சாமி சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பசுமலைக்குப் போகிறார். முதல் தடவை தமிழ்மாறன் காப்பி கொடுத்தார். "சார், நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார். வாத்தியார் சொன்னா நம்புவாக." "பார்ப்போம்ப்பா. சந்தர்ப்பம் வரட்டும்." இரண்டாவது தடவை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "போனதையே எதுக்குக் கிளறிக்கிட்டு இருக்க? நீதானே முதல்ல தீட்டுன்னு சொன்ன?"

ஆமாம், அவர்தான் சொன்னார்.

போன ஞாயிறும் போனார். "சார் வெளியூர் போயிருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாது" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. வாசல்படியில் தமிழ்மாறனின் தோல் செருப்பு கிடந்தது. ஈரம் காயாத செருப்பு. கண்ணுச்சாமி அதைப் பார்த்தார். கேட்டைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் தன் டிவிஎஸ்ஸை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.