கண்ணாடிக்கு மடி

வீட்டில் எனக்கு மடியும் கிடையாது, ஆசாரமும் கிடையாது. குளிக்கும் முன்பே காப்பி கேட்பவன் நான். என் ஆசாரமெல்லாம் ஆய்வகத்தில்தான். "ஆத்துல இல்லாத மடி ஆபீஸ்ல ஒரு கண்ணாடிக்கா? நன்னாருக்கு!" என்று என் மனைவி விஜயலக்ஷ்மி, எங்கள் ஸ்ரீவராகம் தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பாள்.

அது சாதாரணக் கண்ணாடி இல்லை. விமானத்தை ஓட்டும் கேஸ் டர்பைனுக்குள் எரிபொருள் எரிகிற பாத்திரத்துக்குக் கம்பஸ்டர் என்று பெயர். இன்ஜினில் மாட்டும் முன் அதைத் தடித்த இரும்புக் கூட்டுக்குள் வைத்து, அழுத்தக் காற்றைத் திணித்து எரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. உள்ளே தீ எப்படி நிற்கிறது என்று கேமரா பார்ப்பதற்காகக் கூட்டில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் உண்டு. வெறும் விரல் பட்டால் போச்சு, சூட்டில் ரேகை கண்ணாடியோடு வெந்து கறையாகிவிடும். அதைத் துடைத்துக் காப்பது டெக்னீஷியன் பிச்சுமணியின், அதாவது என்னுடைய பொறுப்பு. விமானங்களே என் துடைக்கிற துணியை நம்பித்தான் பறக்கின்றன என்று எனக்கு நினைப்பு.

நான் துடைத்தபின் யாரும் கிட்டே வரக்கூடாது. முக்கியமாக அனூப். என்னோடு வேலை பார்க்கும் மலையாளிப் பையன், கேன்டீன் பழம்பொரிக்கு, அதாவது வாழைப்பழ பஜ்ஜிக்கு, அடிமை. "தள்ளி நில்லுடா, எண்ணெய்க் கை!" என்று விரட்டுவேன். "ஞான் கை கழுகியல்லோ சாரே" என்பான் பாவமாக. கழுவினால் ஆச்சா?

அன்று எங்கள் பொறியாளர் பத்மஜாவின் கம்பஸ்டருக்குச் சோதனை. அந்தப் பெண் வருஷக்கணக்காக உட்கார்ந்து வடிவமைத்தது. முன்பே இரண்டு தடவை தீ ஒழுங்காக நிற்காமல் திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவையும் சொதப்பினால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலே சொல்லிவிட்டார்கள். சோதனை நாள் வழக்கப்படி நான் கையுறையைக் கழற்றி, கோயில் சந்தனத்தைக் குழைத்து, இரும்புக் கூட்டின் நெற்றியில் பொட்டு வைத்தேன். பிறகு எல்லோரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம்.

அழுத்தம் ஏறியது. தீ அழகாகப் பிடித்தது. ஆனால் திரையில், தீக்கு நடுவே ஒரு கரும்புள்ளி.

"இன்ஜெக்டர் அடைச்சிருக்கு, எரிபொருளைச் சரியாப் பீச்சலை. நிறுத்திடலாம்" என்றார் தலைமைப் பொறியாளர். பத்மஜாவின் கண் கலங்கியது.

தீயை அணைத்தார்கள். அனூப் திரையை விட்டு நகரவில்லை. "சாரே, தீ கெட்டிட்டும் புள்ளி அவிடத் தன்னே உண்டல்லோ!"

தீ அணைந்தும் புள்ளி அங்கேயே இருக்கிறதென்றால் கோளாறு தீயில் இல்லை, கண்ணாடியில். எனக்கு வந்ததே ஆத்திரம்! "பழம்பொரி! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தொடாதேன்னு! ஒரு பொண்ணோட உழைப்பையே பாழாக்கிட்டியேடா!" என்று குதித்தேன். அனூப் கேமராவை அந்தப் புள்ளிக்கு நெருக்கினான்.

திரை நிறைய ஒரு கட்டைவிரல் ரேகை. நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.

பலாக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் நான் வாங்கிய தழும்பு. பொட்டு வைத்த கையோடு ஜன்னலில் ஒரு தூசியைக் கண்டதும், அதை வெறும் கட்டைவிரலால் ஒற்றி எடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. என் கட்டைவிரல் தானாகவே உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. பத்மஜாவின் முகத்தைப் பார்த்தேன். விரலை வெளியே எடுத்து நீட்டினேன்.

"என்னுதுதான். சந்தனம்."

"அப்போ என் இன்ஜெக்டர்ல ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டாள் பத்மஜா. கேட்கும்போதே அழுகையும் சிரிப்புமாகிவிட்டாள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் புது ஜன்னல் மாட்டினோம். துணி இப்போது அனூப் கையில். கையுறை போட்டுக்கொண்டு பக்தியாகத் துடைத்தான். பழக்க தோஷத்தில் நான் கிட்டே போனேன்.

"மாறி நில்க்கு சாரே. சந்தனக் கை."

"கை கழுவிட்டேண்டா" என்றேன், பாவமாக.

கண்ணாடிக்கு அப்பால் தீ அன்று புள்ளியில்லாமல் நின்றது. தள்ளி நின்றுதான் பார்த்தேன்.