மலையில் யார் துடைப்பார்கள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். செல்வராணி கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

மீனாக இருக்கும் என்று நினைத்தேன். நீட்டியதோ இரண்டு பேனா மூடிகள்! ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துண்டு ஒயரைச் செருகி, பைப் லீக்கை அடைக்கிற பசையால் அப்பியிருந்தாள்.

"என்ன ராணி இது?"

"வேலை போகாம இருக்கதுக்குக்கா" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஒரகடத்தில் எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் நான்கு பெண்களில் இவள் ஒருத்தி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் சென்சார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவு. அப்போது ட்ரெய்னிதான். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவர்கள் லைனில் இப்போது ஓடுவது முழ நீளக் குச்சி மாதிரி ஒரு சாமான். இமயமலையில் துளை போட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். மண்ணின் சூடு ஏறுகிறதா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மண்ணின் சூட்டைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? நானும் அப்படித்தான் கேட்டேன்.

அவ்வளவு உயரத்தில் மண் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். பாறைக்கும் பாறைக்கும் நடுவே பனிதான் சிமென்ட். இப்போது வெயில் கூடிக் கூடி அந்த சிமென்ட் இளகுகிறது. பனிப்பாறைகளும் உருகி, அடிவாரத்தில் ஏரியாகத் தேங்கி நிற்கின்றன. இளகிய சரிவு அந்த ஏரிக்குள் விழுந்தால்... கீழே இருக்கிற ஊரின் கதி என்ன? முன்கூட்டியே எச்சரிக்கத்தான் இந்தக் குச்சி.

இதை எனக்குச் சொன்னவள், பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவள் அறிந்த ஒரே குளிர், கம்பெனியில் இருக்கும் கோல்டு சேம்பர்!

தப்பு நடந்தது அங்கேதான். குச்சிகளைச் சேம்பரில் உறைய வைக்க வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், வியர்த்திருக்கும் தண்ணீரைத் துணியால் துடைக்க வேண்டும், திரும்ப உள்ளே வைக்க வேண்டும். இப்படிப் பல சுற்று. என்னிடம் வருவதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் முடிகிற நேரம், கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் இவள் துடைக்காமலே உள்ளே வைத்துவிட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஆறில் இரண்டு குச்சிகளுக்கு, ஒயர் நுழைகிற கழுத்தில் மயிரிழை விரிசல்.

யாரும் பார்க்கவில்லை. இப்படி ஆனால் லைனில் எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா? 'கை தவறிக் கீழே விழுந்தது' என்று எழுதி, கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, வேறு பீஸை எடுத்து வேலையை முடிப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இவள் நேராக சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். மணிமங்கலத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அடுத்த சனிக்கிழமை லாரி கிளம்ப வேண்டிய டென்ஷனில் இருந்தவர்.

"இன்னாம்மா இது? தொடைக்காம வெச்சா ஒடையத்தான் செய்யும். உன் மேலதான் மிஸ்டேக் கீது. ரெட் பின்ல போட்டுட்டு வேற பீஸ் எடு."

"மிஸ்டேக் என் மேலதான் சார். ஆனா மலையில யாரு சார் தொடைப்பா?"

பகலில் இளகி, சாயங்காலம் திரும்ப உறைகிற மண் அது. ஈரம் கழுத்துக்குள் இறங்கி உறைந்தால் குச்சி பிளந்துவிடும். வருடம் முழுக்க உறைந்தே கிடந்த மலைக்காக எழுதின 'துடைக்க வேண்டும்' என்ற விதியை வைத்துக்கொண்டு, இளகுகிற மலைக்கு டெஸ்ட் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஒரு தபா ஒடைஞ்சத வெச்சு லாரிய நிறுத்த முடியாதும்மா. அங்க ரோடு தொறந்து இருக்கறதே கொஞ்ச மாசம்தான். ப்ரூஃப் கொண்டா, பாக்கலாம்."

சேம்பரிலோ அந்த வாரம் முழுக்க வேறு லாட். அதனால்தான் குச்சிக்குப் பதில் பேனா மூடி, சேம்பருக்குப் பதில் என் ஃப்ரீசர். அவள் ஷிஃப்டுக்குப் போய்விடுவாள் என்பதால் சேம்பர் ஆபரேட்டர் வேலை எனக்கு. ஞாயிறு முதல் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் மூடிகளை எடுத்து வெளியே வைத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். செவ்வாய்க்கிழமை வரை ஒன்றும் ஆகவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது.

"அக்கா... தொடச்சியளா?"

"பின்னே? ஈரத்தோட வெச்சா ஃப்ரீசர் என்னத்துக்காகும்?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. மூன்று நாளைப் பாழாக்கிவிட்டேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவளோ ஒரு மூடியில் சிவப்பு நூலைக் கட்டினாள்.

"நல்லதாப் போச்சுக்கா. இதை மட்டும் இனிமே தொடைக்காதிய. அதை எப்பவும்போல தொடச்சுக்கிட்டே இருங்க. ரெண்டையும் ஒண்ணா காட்டுனா அவரு மறுபேச்சு பேச முடியாதுல்லா?"

என் தப்பையும் ஆதாரமாக்கிவிட்டாள், கெட்டிக்காரி!

ஈரம் சொட்டுகிற ஒன்றைத் துடைக்காமல் உள்ளே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அடுத்த மூன்று நாட்களில் தெரிந்துகொண்டேன். கை தானாகத் துணியைத் தேடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தேன். துடைத்த மூடி அப்படியே இருந்தது. சிவப்பு நூல் கட்டின மூடியில் பசை பிளந்து, விரிசல் ஓடியிருந்தது. மாடிப் படியில் நின்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை இரண்டு மூடிகளையும் டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனாள். சூப்பர்வைசர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். பிறகு எழுந்து போய், லாரியில் ஏற்றியதை எல்லாம் இறக்கச் சொன்னாராம். சேம்பரில் ஆறு குச்சிகளைத் துடைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். மூன்றின் கழுத்து விட்டுப்போயிருந்தது.

கழுத்துக்கு ரப்பர் உறை போட்டு, எல்லாவற்றையும் மறுபடி டெஸ்ட் செய்து, சரக்கு பன்னிரண்டு நாள் தாமதமாகக் கிளம்பியது. நல்லவேளை, மலையில் ரோடு மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் ஒரகடத்தில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் கார், போன் என்று அடுக்குவேன். இனிமேல் இதைத்தான் முதலில் சொல்வேன். மாசியிலேயே வியர்த்துக் கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து, எங்கோ பனிமலையடியில் இருக்கிற யாருடைய வீட்டுக்கோ எங்கள் மாடிவீட்டுப் பெண் காவல் இருக்கிறாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் கம்பெனியில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் கொடுத்தார்கள். ஒன்று வேலை நிரந்தரம். இன்னொன்று மெமோ — 'விதிப்படி துடைக்கத் தவறியதற்காக'. விதி என்றால் விதிதானே! டெஸ்டிங் மேஜையில் ஒட்டியிருந்த அந்த விதியையும் அன்றே மாற்றிவிட்டார்களாம். இப்போது அங்கே 'துடைக்கக் கூடாது' என்று இருக்கிறதாம்.

நிரந்தர ஆர்டர் அவள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் ஜெராக்ஸ் எடுத்து என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பது, மெமோவை!